பொத்திவைத்த எல்டொராடோவா, ஓடிப் பழகிய எல்டொராடோவா?

அமெரிக்காவில் பழைய கார் விற்பனையைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய விளம்பரம் ஒன்று உண்டு. 1976 கேடிலாக் எல்டொராடோ கன்வெர்டிபிள் (கூரையை இறக்கக்கூடிய கார்), வெள்ளை நிறம், சிவப்புத் தோல் இருக்கை, கம்பெனி பெயின்ட், சிங்கிள் ஓனர், ஓடியது நாலாயிரத்துச் சொச்சம் மைல். படத்தைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து நேற்றுதான் இறங்கியது போலிருக்கும். விலையைப் பார்த்தால், அதே மாடலில் அறுபதாயிரம் மைல் ஓடிய நல்ல வண்டியை வாங்கி, மீதிப் பணத்தில் அதைப் பல வருஷம் பராமரித்துவிடலாமே என்று தோன்றும்.

எதை வாங்குவது? மிச்சிகனில் கார் கம்பெனி வேலைக்கு வந்த தமிழ் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையைத் திறந்து போட்டு ஓட்டுவதற்காக வாங்குகிறவர் ஓடிய வண்டியைத்தான் வாங்க வேண்டும். நாலாயிரம் மைல் வண்டி என்பது காப்பாற்றி வைப்பதற்காக வாங்கும் பொருள். இந்த இரண்டு ஆசையையும் ஒரே காரில் தீர்த்துக்கொள்ள நினைப்பவர்தான் அதிகப் பணத்தை இழக்கிறார். ஏன் என்று புரிய, இந்தக் கார் இத்தனை பேர் வீட்டில் ஏன் ஓடாமலே கிடந்தது என்று தெரிய வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க கன்வெர்டிபிள் செத்துக்கொண்டிருந்தது. ஏசி எல்லாக் காரிலும் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் கூரையைத் திறந்துகொண்டு போவதில் மக்களுக்கு ஆர்வம் குறைந்தது. கார் உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும் விதிகளை அரசு கடுமையாக்கப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிட, 1976இல் அமெரிக்கத் தொழிற்சாலையில் தயாரான கன்வெர்டிபிள் எல்டொராடோ ஒன்றுதான். கேடிலாக் இதை மறைக்கவில்லை, விளம்பரமே அதை வைத்துத்தான். ‘கடைசி அமெரிக்க கன்வெர்டிபிள்’ என்ற பெயரில் அந்த ஒரே ஆண்டில் 14,000 வண்டிகள் விற்றன. அதற்கு முந்தைய 1975இல் விற்றது 8,950தான். 1976 ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது.

வாங்கியவர்களில் ஒரு பெரிய கூட்டம் காரை ஓட்டுவதற்காக வாங்கவில்லை. பட்டியல் விலை 11,049 டாலர். அதற்கு மேல் பெருந்தொகை கொடுத்து வாங்கி, அப்படியே ஷெட்டில் ஏற்றிப் போர்வை போட்டு மூடினார்கள். பத்து வருஷத்தில் பொன்னாகும் என்ற நம்பிக்கை. ஆனால் 1982இல் கிரைஸ்லர் லீபேரன் கன்வெர்டிபிள் வந்தது. 1984இல் கேடிலாக்கே புதிய எல்டொராடோ கன்வெர்டிபிளைக் கொண்டுவந்தது. ‘கடைசி’ என்று சொல்லி விற்றீர்களே என்று 1976 கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை.

அன்றைய 11,049 டாலர் இன்றைய பண மதிப்பில் ஏறக்குறைய 60,000 டாலர். நல்ல நிலையில் இருக்கும் பல 1976 எல்டொராடோக்கள் இன்றும் அந்த விலையைத் தொடுவதில்லை. ஐம்பது வருஷம் இடம் கொடுத்து, இன்ஷூரன்ஸ் கட்டி, துடைத்து வைத்தவர்களுக்குப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை என்பதுதான் கணக்கு.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. மற்ற பழைய கார்களில் குறைவாக ஓடிய வண்டி அபூர்வம். இந்தக் காரில் அப்படியில்லை. பொத்திவைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால், அவர்கள் வயதாகி வீட்டைக் காலி செய்யும்போதும், இறந்த பிறகு பிள்ளைகள் சொத்தைப் பிரிக்கும்போதும் இப்படிப்பட்ட வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ‘இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது’ என்று விற்பவர் சொன்னால் அவசரப்படத் தேவையில்லை. கிடைக்கும். வெள்ளை வேண்டாம், நீலம் வேண்டும் என்றாலும் கொஞ்சம் பொறுத்தால் கிடைக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கடைசியாகச் செய்த 200 வண்டிகள். அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டை ஒட்டி, வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, வெள்ளை வீல் கவர், வெள்ளை இருக்கையில் சிவப்பு விளிம்பு, பானட்டில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடு, டேஷ்போர்டில் ஒரு தகடு என்று ஒரே மாதிரி செய்தார்கள். இதற்குத் தனி விலை உண்டு. வெள்ளை எல்டொராடோவில் கோடு இழுப்பது எந்தப் பெயின்டருக்கும் அரைநாள் வேலை என்பதால், காகிதம் இல்லாமல் இந்தப் பெயரை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

இனி ஒப்பீட்டுக்கு வரலாம். 1976 எல்டொராடோ மீது ஆசைப்பட்டவருக்கு நடைமுறையில் நான்கு வழி இருக்கிறது: ஐயாயிரம் மைலுக்குள் ஓடிய வண்டி, ஐம்பதாயிரம் முதல் எண்பதாயிரம் மைல் ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி, முழுவதும் பிரித்து ரெஸ்டோர் செய்த வண்டி, ‘கடைசி’ என்ற பட்டம் இல்லாத 1971–75 மாடல்.

குறைவாக ஓடிய வண்டியில் எது உண்மையில் புதிது?

முதலில் அதன் பெருமையைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் எப்படிச் செய்தார்கள் என்பதை வேறு எந்த வண்டியும் இவ்வளவு நேர்மையாகக் காட்டாது. கதவு மூடும் சத்தம், தோல் இருக்கையின் தையல், டிக்கிக்குள் விரித்த கார்பெட்டின் நிறம், பானட்டுக்கு அடியில் ஒட்டிய எச்சரிக்கை ஸ்டிக்கர், இன்ஜின் மீது அடித்த நீலப் பெயின்டின் அளவு எல்லாம் அப்படியே இருக்கும். ரெஸ்டோர் செய்கிறவர்கள் இப்படிப்பட்ட வண்டியைப் பார்த்துத்தான் தங்கள் வேலையைச் சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவின் பழைய கார் சங்கமான ஏஏசிஏ, ஒரிஜினலாகவே காப்பாற்றப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அங்கே கம்பெனி பெயின்டில் ஒரு கீறல் இருந்தாலும் புது பெயின்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பு நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். பெயின்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், 1976இல் அடித்த பெயின்டை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் ஓடாத கார் தேயாது என்பதுதான் உண்மை, ஓடாத கார் கெடாது என்பது உண்மையல்ல. இரும்பு தேய்வது மைலால், ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெடுவது வருஷத்தால். எல்டொராடோவில் இந்த இரண்டாவது வகை நிறைய.

பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் நிரப்புப் பட்டையைப் பாருங்கள். மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினால் பம்பர் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும் என்று 1973, 74இல் விதி வந்தது. பம்பர் நகர இடைவெளி வேண்டும், அந்த இடைவெளி கண்ணில் படக் கூடாது. அதற்காக மெல்லிய, வளையும் பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை செய்து, பாடி நிறத்திலேயே பெயின்ட் அடித்துப் பொருத்தினார்கள். அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் வறண்டு போகிறது. முதலில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், பிறகு ஓரம் சுருண்டு நிற்கும். ஒருநாள் பெருவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்துவிடும். நாலாயிரம் மைல் வண்டியானாலும், எண்பதாயிரம் மைல் வண்டியானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. புதுப் பட்டை கிடைக்கிறது, ஆனால் மாற்றினால் பாடி நிறத்துக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும். அத்துடன் ‘முழுக்கக் கம்பெனி பெயின்ட்’ என்று சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 500 கன அங்குல வி-8 இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பற்சக்கரமான டைமிங் கியரில் உலோகப் பல்லுக்கு மேல் நைலான் பூசியிருப்பார்கள், சத்தம் குறைய. பழைய நைலான் வறண்டு, உடைந்து, துண்டு துண்டாக, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் விழும். ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தாலும் இன்ஜின் போச்சு, செயின் நழுவினாலும் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அறுபதாயிரம் மைல் ஓடிய காரில் இதை யாராவது ஏற்கெனவே முழு உலோகக் கியராக மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜினைத் திறக்காத வண்டி என்று பெருமையாகச் சொல்லும் நாலாயிரம் மைல் காரில் நிச்சயமாக மாற்றியிருக்க மாட்டார்கள். அந்தப் பெருமைக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் இன்ஜின் முன்பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

கூரைக்கும் தனிக் கவனம் வேண்டும். 1971 முதல் கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கன்வெர்டிபிள்களில் வந்த கூரை, கத்தரிக்கோல் மாதிரி உள்பக்கமாக மடிந்து இறங்கும். பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார இடம் கிடைத்தது இந்த அமைப்பால்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்காவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். வருஷக்கணக்கில் மடிக்காத கூரையை வீட்டுக்கு வந்த முதல் நாளே சுவிட்சை அழுத்தி இறக்கினால் எதாவது ஒன்று உடைகிறது. பின் கண்ணாடியும் துணியும் இத்தனை வருஷமாக ஒரே நிலையில் இழுபட்டு நின்றிருக்கும். இதற்கு வெயிலில் காரை நிறுத்தித் துணி இளகிய பிறகு, இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று கையால் உதவி, மெதுவாக இறக்குவதுதான் முறை.

மற்றவை எல்லாப் பழைய காருக்கும் பொது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருப்பிடிக்க வைக்கும். இன்றைய அமெரிக்க பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால், 1976 ரப்பர் ஹோஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது. 27.5 காலன் டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டியாகிக் கிடக்கும். கியர் பாக்ஸ் சீல் வறண்டு, ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒழுகும். 1976 எல்டொராடோவில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வந்தது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பின் கேலிப்பரில் பார்க்கிங் பிரேக் அமைப்பும் சேர்ந்திருக்கிறது. நின்றே கிடந்த வண்டியில் அது இறுகிப்போயிருந்தால் சரிசெய்வது செலவான வேலை, சாமான் தேடுவதும் சிரமம். பின் சக்கரம் கையால் சுற்றுகிறதா என்று ஜாக்கி வைத்துப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம்.

ஆக, நாலாயிரம் மைல் காரில் புதிதாக இருப்பது உலோகமும் தோலும் பெயின்டும். மீதியெல்லாம் ஐம்பது வயது.

மைல் கணக்கை நம்பலாமா?

கூடுதல் விலையின் பெரும்பகுதி ஓடோமீட்டரில் தெரியும் எண்ணுக்காகத்தான். அந்த எண்ணுக்குச் சட்டத்தின் உத்தரவாதம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பது 1972இலிருந்து அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். ஆனால் விற்கும்போது மைலை எழுதிக் கையெழுத்துப் போடும் கட்டாயத்திலிருந்து 2010 மாடல் வரையிலான எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இன்று விலக்கு உண்டு. காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் ‘விலக்கு’ என்று இருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, அந்தக் காலத்து ஓடோமீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கம்தான். லட்சத்தைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 04,312 என்று காட்டும் கார் 1,04,312 ஓடியதாகவும் இருக்கலாம்.

அதனால் வண்டியைத்தான் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பரின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். இவ்வளவு குறைவாக ஓடிய காரில் பெடல் ரப்பரைப் புதிதாக மாற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். டிரைவர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம், கார்பெட்டில் குதிகால் படும் இடம், சாவித் துளையைச் சுற்றி உள்ள கீறல், கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்பது, பானட் முனையில் கல் பட்ட புள்ளிகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கதவு ஓரத்தில் பழைய சர்வீஸ் ஸ்டிக்கரில் தேதியும் மைலும் எழுதியிருந்தால் அது தங்கம். 1979இல் 2,100, 1988இல் 3,400 என்று படிப்படியாக ஏறும் பில்கள் இருந்தால் நம்பலாம். விற்பவரின் வாய்வார்த்தைக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். 2000க்கு முன் செய்த டயர்களில், பக்கவாட்டில் பொறித்திருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி மூன்று இலக்கம், டயர் செய்த வாரமும் ஆண்டும். ‘146’ என்றால் 14ஆவது வாரம், ஆறில் முடியும் ஆண்டு. அது 1976ஆகவும் இருக்கலாம், 1986ஆகவும் இருக்கலாம், டயரின் பிராண்டையும் அளவையும் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தரையில் நிற்கும் நான்கு டயரும் கார் வந்தபோது வந்தவை என்றால் அது நல்ல சாட்சி. அதே டயரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். இது 2,300 கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்.

தொழிற்சாலையில் காருக்குப் பொறித்த அடையாள எண்ணையும் (VIN) ஒருமுறை படியுங்கள். 1976 எல்டொராடோ கன்வெர்டிபிளின் எண் 6எல்67 என்று தொடங்கும். 6எல்47 என்றால் அது கூரை நிலையாக உள்ள கூப்பேயாகப் பிறந்தது.

ஓடிய வண்டி

அறுபதாயிரம் மைல் ஓடிய எல்டொராடோ பார்வைக்கு அவ்வளவு பகட்டாக இருக்காது. டிரைவர் இருக்கையில் சுருக்கம் விழுந்திருக்கும். ஒரு கதவுக்கு மறு பெயின்ட் அடித்திருக்கும். கூரைத் துணி ஒருமுறையாவது மாறியிருக்கும். ஆனால் நல்ல ஓனரிடம் இருந்திருந்தால் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை முடிந்திருக்கும், அந்தப் பில்களும் கூடவே வரும். டைமிங் கியர் மாற்றிய பில், கேலிப்பர் பில், பெட்ரோல் டேங்க் சுத்தம் செய்த பில், நிரப்புப் பட்டை மாற்றிய பில். இவற்றைக் கூட்டிப் பாருங்கள். அதை எல்லாம் இன்னொருவர் செலவழித்து முடித்த பிறகு நீங்கள் வாங்குகிறீர்கள்.

அதைவிட முக்கியம், ஓட்டுவதில் இருக்கும் நிம்மதி. இது ஓட்டிப் பார்த்தால்தான் புரியும் கார். 8.2 லிட்டர் இன்ஜினில் 190 குதிரைத்திறன்தான் என்று காகிதத்தில் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இழுவிசை 2,000 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுவதால், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி சத்தமில்லாமல் நகரும். முன்சக்கர டிரைவ் என்பதால் தரை மட்டமாக இருக்கும், நடுவில் மேடு கிடையாது. 5.7 மீட்டர் நீளம், மிருதுவான சஸ்பென்ஷன், ஒரு விரலால் திருப்பக்கூடிய ஸ்டியரிங். ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் வுட்வார்ட் சாலையில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான ட்ரீம் க்ரூஸில், மாலை வெயிலில் கூரையை இறக்கிக்கொண்டு இருபது மைல் வேகத்தில் போகும்போதுதான் இந்தக் காரை எதற்காகச் செய்தார்கள் என்று புரியும். பெட்ரோல் காலனுக்குப் பத்து மைல் அளவில்தான் கொடுக்கும். வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டுகிறவருக்கு அது ஒரு கணக்கே அல்ல.

இதே மாலையை நாலாயிரம் மைல் வண்டியில் நினைத்துப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓட்டினால் ஐந்து வருஷத்தில் அது பதினாலாயிரம் மைல் வண்டி. அப்போதும் நல்ல வண்டிதான். ஆனால் நாலாயிரம் என்ற எண்ணுக்காக நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் சாலையில் கரைந்துவிட்டது. அறுபதாயிரம் மைல் வண்டியில் அதே ஐந்து வருஷம் ஓட்டினால் எழுபதாயிரம் ஆகும், அதற்காக யாரும் விலையைக் குறைக்கப்போவதில்லை. ஒவ்வொரு மைலுக்கும் காசு போகிறது என்று தெரிந்தால் மழை வருமோ, பார்க்கிங்கில் யாராவது இடிப்பார்களோ, இன்றைக்கு எடுக்க வேண்டுமா என்று யோசனைதான் வரும். கன்வெர்டிபிள் வாங்கியவர் அப்படி யோசிக்கக் கூடாது.

ரெஸ்டோர் செய்ததை ஏன் ஒதுக்குகிறேன்

சில கார்களுக்கு ரெஸ்டோரேஷன் மிகச் சரியான வழி. 1964 ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முழு பாடி ஷெல்லிலிருந்து இருக்கைத் துணி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நன்றாக ரெஸ்டோர் செய்த மஸ்டாங் பல சமயம் பொத்திவைத்த மஸ்டாங்கைவிட நல்ல வாங்கல்.

எல்டொராடோவுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சாமான்களில் பலவற்றை யாரும் திரும்பச் செய்வதில்லை, பழைய வண்டியிலிருந்து கழற்றித்தான் வாங்க வேண்டும். குரோம் பூசிய பாகங்கள் ஏராளம், அவை எல்லாவற்றுக்கும் மறுபூச்சுக் கொடுப்பதே பெரும் செலவு. ஆக மொத்தச் செலவு காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும் என்பதால், நல்ல பட்டறைகள் இதை எடுத்துச் செய்வது குறைவு. ‘முழு ரெஸ்டோரேஷன்’ என்று விற்பனைக்கு வரும் எல்டொராடோவில் பெரும்பாலும் பளபளவென்று பெயின்டும், அதற்கடியில் பட்டியும், புதுக் கூரைத் துணியும்தான் இருக்கும். பின் சக்கர வளைவிலும் டிக்கியின் கீழ் மூலையிலும் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டிதான். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் வரிசையாக இருந்தால் ஒழிய இந்த வழியை விட்டுவிடலாம்.

பட்டம் இல்லாத அண்ணன்கள்

நான்காவது வழியை ஏன் பலர் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. அடிப்படை அமைப்பு 1971இலிருந்து 1976 வரை ஒன்றுதான், கூரை இறங்கும் விதமும் ஒன்றுதான். 1975இல் சதுர ஹெட்லைட் வந்தது, பின் சக்கரத்தை மூடிய தகடு போனது, ஆக 1975க்கும் 1976க்கும் தெருவில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. 1974 வரைக்கும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. 1973 எல்டொராடோ கன்வெர்டிபிள்தான் அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் பேஸ் கார், அதாவது பந்தயக் கார்களுக்கு முன்னால் ஓடி வழிநடத்தும் கார். 1971இல் செய்தது 6,800தான், 1974இல் 7,600தான். எண்ணிக்கையில் இவை 1976ஐவிட அபூர்வம். ‘கடைசி’ என்ற பட்டம் இல்லாததால் அதற்கான கூடுதல் விலையை யாரும் கேட்பதில்லை. நான்கு சக்கர டிஸ்க் பிரேக் இல்லை என்பது குறைதான், ஆனால் அந்தச் சிக்கலான பின் கேலிப்பர் தொல்லையும் கூடவே இல்லாமல் போகிறது.

எனக்கு 1973இன் முகம் பிடிக்கும். அது ரசனை சம்பந்தப்பட்டது, வாதத்துக்கு இல்லை.

சரி, அப்போது நாலாயிரம் மைல் வண்டியை யார் வாங்க வேண்டும்? சூடும் ஈரமும் கட்டுப்படுத்திய ஷெட் இருப்பவர், கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகத் தயங்காதவர், அந்த வண்டியை இன்னும் முப்பது வருஷம் கெடாமல் அடுத்த கைக்குக் கொடுப்பதில் சந்தோஷப்படுகிறவர். அப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் தொழிற்சாலை வேலை எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரமே மிஞ்சாது. அவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. லாபத்துக்காக வாங்குகிறவரிடம் மட்டும் 1976இல் வாங்கியவர்களின் கணக்கைக் காட்டுவேன்.

காப்பாற்றி வைப்பதற்காக வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு வண்டிகளில், முப்பது வருஷம் தொடாமல் மூடிவைத்ததைவிட, வருஷத்துக்கு ஐம்பது நூறு மைல் ஓட்டி, ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றி வந்த வண்டி எவ்வளவோ மேல். அதை எடுத்து வந்ததும் கிளப்பிவிடாமல், பழைய பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். கழற்றிய பழைய ஹோஸ், பெல்ட், டயர் எதையும் எறியாமல் பெட்டியில் போட்டு வண்டியோடு வைத்திருங்கள், அடுத்து வாங்குகிறவர் அதற்கும் விலை கொடுப்பார். இன்ஷூரன்ஸை, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் ‘கலெக்டர் கார்’ பாலிசியாக எடுங்கள். சாதாரணப் பாலிசியில் விபத்துக்குப் பிறகு இதை ஐம்பது வருஷப் பழைய கார் என்றுதான் கணக்குப் போடுவார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வாங்கும் காலம் அக்டோபர், நவம்பர். வடக்கு மாநிலங்களில் குளிர் வரும் முன் கன்வெர்டிபிளைத் தள்ளிவிட நினைப்பவர்கள் அப்போதுதான் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். ஏப்ரலில் அதே வண்டிக்கு அதே ஆள் ஒரு டாலர் குறைக்க மாட்டார். பனிக்காலம் முழுக்கப் பிரேக்கையும் டைமிங் கியரையும் பார்க்க நேரம் கிடைக்கும், மே மாதம் கூரையை இறக்கலாம்.